மொய் மேசையில் 26 நொடி: எல்லா டெஸ்டும் பாஸ் ஆன ஒரு மென்பொருளின் நிகழ்வு ஆய்வு

தாலி கட்டி, கெட்டிமேளம் அடங்கிய அடுத்த நிமிடம் மண்டபத்தில் என்ன நடக்கும் என்று காரைக்குடிப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அட்சதை போட்ட கையோடு பாதிக் கூட்டம் பந்திக்கு எழும், மீதிக் கூட்டம் மொய் மேசைக்கு வரும். எழுதிவிட்டுச் சாப்பிடலாம் என்பவர்களும், சாப்பிட்டதும் எழுதிவிட்டு பஸ் ஏறலாம் என்பவர்களும் அந்த ஒரு மணி நேரத்துக்குள்தான் வந்து போவார்கள். அதற்கு முன்னும் பின்னும் அந்த மேசையில் பெரிய வேலை இருக்காது.

சென்ற வைகாசி முகூர்த்தம் ஒன்றில் எங்கள் மொய் மென்பொருள் அந்த ஒரு மணி நேரத்தில்தான் காலை வாரியது. சோதனைப் பட்டியலில் இருந்த அத்தனையும் பாஸ் ஆன மென்பொருள் அது. சோதித்தது நான். என்ன சோதித்தேன், எதைச் சோதிக்காமல் விட்டேன், அப்புறம் என்ன செய்தோம் என்பதை நடந்தபடியே எழுதுகிறேன்.

கேட்டது, சோதித்தது

எங்களுடையது நான்கு பேர் கொண்ட சின்னக் குழு. விசேஷ வீடுகளுக்கு மொய் எழுத ஆள் அனுப்பும் அண்ணன் தம்பி இருவர் எங்களிடம் வந்தார்கள். நோட்டுக்குப் பதில் லேப்டாப்பில் எழுத வேண்டும், எழுதியதும் கையில் ஒரு ரசீது தர வேண்டும். அவர்கள் கொடுத்த தேவைப் பட்டியல் ஒரே பக்கம். ஊர், பெயர், தொகை பதிய வேண்டும். மோதிரம், குத்துவிளக்கு, அண்டா என்று பொருளாக வந்தால் அதையும் எழுத வேண்டும். இரண்டு கவுன்டர், ஒரே மொத்தம். முடிவில் ஊர்வாரியாகப் பட்டியல். பெயர் சரியாக விழுந்திருக்கிறதா என்று விருந்தாளி பார்ப்பதற்கு அவர் பக்கம் ஒரு திரை.

ஒவ்வொரு வரிக்கும் டெஸ்ட் கேஸ், அதாவது இதைச் செய்தால் இது வர வேண்டும் என்ற சோதனைக் குறிப்பு, எழுதினேன். நல்ல பிழைகள் கிடைத்தன. அதில் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஊர்ப் பெயருக்கு 40 பைட் இடம் ஒதுக்கியிருந்தார்கள். பைட் என்பது கணினி இடத்தை அளக்கும் அலகு. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். உயிர்மெய்யில் மெய்க்கு ஒரு குறி, அதன் மேல் ஏறும் கொம்புக்கோ காலுக்கோ இன்னொரு குறி. புள்ளியும் தனிக் குறிதான். காரைக்குடி கண்ணுக்கு ஐந்து எழுத்து, உள்ளே 10 குறி, 30 பைட். தாராளமாக அடங்கிவிடும். தேவகோட்டை, பள்ளத்தூர் எல்லாம் அடங்கின. எல்லையில் வைத்துப் பார்ப்பது, சொன்னதைச் செய்கிறதா என்று பார்க்கும் செயல்பாட்டுச் சோதனையின் அடிப்படைப் பழக்கம். 39, 40, 41 என்று வேலியின் இரண்டு பக்கமும் நின்று தட்டிப் பார்க்க வேண்டும். அப்படி ஒரு நீளமான ஊர்ப் பெயரைத் தேடியபோது கண்டரமாணிக்கம் நினைவுக்கு வந்தது. ஒன்பது எழுத்து, 14 குறி, 42 பைட். பட்டியலில் ‘கண்டரமாணிக்கம’ என்று புள்ளி போய், பக்கத்தில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் விழுந்திருந்தது. கடைசிப் புள்ளியின் மூன்று பைட்டில் ஒன்று மட்டும் உள்ளே போய், இரண்டு வெளியே நின்றுவிட்டது. புரோகிராமர் தம்பிக்குக் காட்டியதும் அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டார்.

இன்னொன்று கோட்டையூர். ஊர்வாரிப் பட்டியலில் கோட்டையூர் இரண்டு முறை வந்தது, இரண்டுக்கும் தனித்தனி மொத்தம். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் ‘கோ’வின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், இரட்டைக்கொம்பு, கால் என இரண்டாகவும் வைக்கலாம். இரண்டு கவுன்டரிலும் வேறு வேறு தட்டச்சுக் கருவி இருந்ததால் ஒன்று அப்படியும் மற்றது இப்படியும் சேமித்திருக்கிறது. இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு விதி சொன்னாலும், சேமிக்கும் முன் ஒரே வடிவுக்கு மாற்றாவிட்டால் தேடல் அதை அறியாது. அதையும் பிடித்தோம்.

இவை எல்லாம் செயல்பாட்டுப் பிழைகள். என்ன கொடுத்தால் என்ன வர வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். வந்ததா இல்லையா என்பதுதான் கேள்வி. தனித்தனிப் பகுதியாகச் சோதித்து, இரண்டு கவுன்டரையும் சேர்த்துச் சோதித்து, மாற்றம் வரும்போதெல்லாம் பழையதைத் திரும்ப ஓட்டி, கடைசியில் அந்த அண்ணனையும் தம்பியையும் உட்காரவைத்து ஏற்புச் சோதனையும் முடித்தோம். “அருமையா இருக்குப்பா” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அலுவலகத்தில், மின்விசிறிக்குக் கீழே, மூன்று பேர் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு மொய் எழுதிப் பார்த்திருந்தோம்.

அந்தக் காலை

8.20க்குத் தாலி கட்டினார்கள். அதுவரை எல்லாம் சீராகப் போனது. 8.30க்கு வரிசை சந்தனக் கிண்ண மேசையைத் தாண்டியது. 8.40க்கு வாசல் வரை நின்றது.

நான் கவுன்டருக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் பணத்தை நீட்டுகிறார். எண்ணுகிறார்கள். ஊர், பெயர், தொகை தட்டச்சாகிறது. பதிவு என்று அழுத்தினால் திரை அப்படியே நிற்கிறது, பிரின்டர் ரசீதைத் துப்பும் வரை. எங்கள் தெர்மல் பிரின்டருக்குத் தமிழ் எழுத்துரு தெரியாது. ஆங்கில எழுத்தை நேராக அடிக்கும், தமிழை முழுப் படமாக அனுப்பினால்தான் அடிக்கும். ஒரு சீட்டுக்கு 7 நொடி. அலுவலகத்தில் அந்த 7 நொடி யாருக்கும் உறைக்கவில்லை. அங்கே நாற்பது சீட்டு தொடர்ந்து அடித்ததும் பிரின்டர் தலை சூடாகி, நின்று நின்று அடிக்க ஆரம்பித்தது. 7 நொடி 11 நொடி ஆனது.

பிற்பாடு கேமராப் பதிவைப் பார்த்துக் கணக்கிட்டேன். ஓர் ஆளுக்குச் சராசரி 26 நொடி. அந்த 50 நிமிடத்தில் மேசைக்கு வந்தவர்கள் ஏறக்குறைய 400 பேர். 50 நிமிடம் என்றால் 3,000 நொடி. 26ஆல் வகுத்தால் ஒரு கவுன்டருக்கு 115 பேர், இரண்டுக்கும் 230 பேர். மீதி 170 பேர் என்ன செய்வார்கள்? சிலர் காத்திருந்தார்கள். சிலர் கவரைப் பெண்ணின் அப்பா கையில் திணித்துவிட்டுக் கிளம்பினார்கள். அதில் பெயர் எழுதாத கவர்களும் இருந்தன. பெயரில்லாத கவர் அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய தலைவலி என்பது செய்முறை செய்து வாழ்கிற ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வந்தது யார் பணம் என்று தெரியாவிட்டால் திருப்பிச் செய்வது எப்படி?

இதற்கு நடுவில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் பிடிக்க 12 நொடி. லேப்டாப்புகளுக்கு பேட்டரி உண்டு, ரவுட்டருக்கு இல்லை. சரியாக அந்த நேரத்தில் இரண்டு கவுன்டரிலும் பதிவு பொத்தானை அழுத்தியிருந்தார்கள். இரண்டு கவுன்டரின் பதிவுகளையும் சேர்த்து வைக்கும் சர்வர் லேப்டாப் உள்ளே இருந்தது. பதிவு அதற்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ‘சேர்ந்துவிட்டது’ என்ற பதில் திரும்பி வருவதற்குள் ரவுட்டர் அணைந்தது. திரையில் “பதிவாகவில்லை, மீண்டும் முயலவும்” என்று வந்தது. அவர்களும் மீண்டும் எழுதினார்கள்.

மாலையில் கல்லாப் பணத்துக்கும் பட்டியலுக்கும் 1,502 ரூபாய் இடித்தது. ஒரு 1,001, ஒரு 501. இரண்டும் இரட்டைப் பதிவு. எழுதிய பையன்களுக்கு நினைவிருந்ததால் அன்றைக்கே கண்டுபிடித்தோம். நினைவில்லாமல் போயிருந்தால்? 1,001 கொடுத்த குடும்பத்துக்கு 2,002 என்று நோட்டில் நிற்கும். பத்து வருடம் கழித்து அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு இவர்கள் அதைப் பார்த்துத்தான் செய்வார்கள். பேரேடும் ஐந்தொகையும் எழுதிப் பர்மா, மலேயா வரை வட்டிக்கடை நடத்திய ஊர்கள் இவை. இங்கே ஒரு ரூபாய் இடித்தாலும் விடிய விடிய உட்கார்ந்து பார்ப்பார்கள்.

ஆனால் அன்று எனக்கு நெஞ்சில் தைத்தது பணக் கணக்கு இல்லை. விருந்தாளி பக்கத் திரையில் கடைசி ஐந்து பதிவுகளும் தொகையோடு தெரியும்படி வைத்திருந்தோம். ஐயாயிரத்து ஒன்று, இரண்டாயிரத்து ஒன்று என்று வரிசையாக நின்றது. அடுத்து நின்ற ஓர் ஆச்சி அந்தத் திரையைப் பார்த்தார். கையில் நான்காக மடித்து வைத்திருந்த நோட்டைப் பார்த்தார். கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, “நீங்க முன்னாடி போங்க” என்று பின்னால் நின்றவருக்கு வழி விட்டார். அப்புறம் அவரை நான் வரிசையில் பார்க்கவில்லை.

9.15க்கு லேப்டாப்பை மூடிவிட்டு நோட்டை எடுத்தார்கள்.

இரண்டு கேள்விகள்

“உங்க சாப்ட்வேர் வேலை செய்யலை” என்றார் அண்ணன். “எல்லா டெஸ்டும் பாஸ் ஆகியிருக்கு” என்றார் எங்கள் புரோகிராமர். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. அதுதான் இந்த ஆய்வின் மையம்.

ஒரு மென்பொருளிடம் இரண்டு விதக் கேள்வி கேட்கலாம். சொன்ன வேலையைச் செய்கிறதா என்பது ஒன்று. அந்த வேலையை எப்படிச் செய்கிறது என்பது மற்றது: எவ்வளவு வேகமாக, எத்தனை பேர் வரை தாங்கி, இடையில் தடங்கல் வந்தால் எப்படி எழுந்து, யார் கண்ணில் எதைக் காட்டி எதை மறைத்து, பழக்கமில்லாத கைக்கு எவ்வளவு இணங்கி. முதல் கேள்விக்கு விடை தேடுவது செயல்பாட்டுச் சோதனை, ஃபங்ஷனல் டெஸ்டிங். இரண்டாவதற்குத் தேடுவது செயல்பாடு சாராச் சோதனை, நான்-ஃபங்ஷனல் டெஸ்டிங். ‘சாரா’ என்ற சொல்லால் அது ஏதோ ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது போல ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. ஆனால் புழக்கத்தில் இருப்பது அதுதான்.

மென்பொருளின் தரத்துக்கான சர்வதேச அளவுகோல் ஐஎஸ்ஓ 25010. அதன் 2011ஆம் ஆண்டுப் பதிப்பு தரத்தை எட்டுப் பண்புகளாகப் பிரித்தது. செயல்பாட்டுப் பொருத்தம் என்பது அவற்றில் ஒன்றே ஒன்று. செயல்திறன், ஒத்திசைவு, பயன்பாட்டு எளிமை, நம்பகம், பாதுகாப்பு, பராமரிப்பு, இடம் மாற்றிப் பயன்படுத்தும் தன்மை என்று மற்ற ஏழும் இரண்டாம் கேள்வியைச் சேர்ந்தவை. 2023இல் திருத்தியபோது சில பெயர்களை மாற்றி, ஆபத்தின்மையையும் சேர்த்து ஒன்பதாக்கினார்கள். அதாவது நான் நூற்றுச் சொச்சம் டெஸ்ட் கேஸ் எழுதி, அத்தனையையும் ஒரே பண்புக்குள் கொட்டியிருந்தேன்.

அந்தக் காலையில் நடந்தவற்றை இந்தக் கண்ணோட்டத்தில் எடுத்து வைத்துப் பார்த்தோம். 26 நொடி செயல்திறன் குறை. பிரின்டர் சூடேறியது தொடர்ந்து ஓட்டிப் பார்க்கும் தாங்குதிறன் சோதனையில் வந்திருக்க வேண்டியது. ஆச்சி பார்த்த திரை அந்தரங்கமும் பயன்பாடும் சேர்ந்த குறை. அந்தத் திரை கேட்டபடியே வேலை செய்தது. பெயர் சரியாகத் தெரிந்தது, என் பட்டியலில் பச்சை டிக் விழுந்திருந்தது.

இரட்டைப் பதிவு எந்தப் பக்கம் என்பதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். பட்டியல் தப்பாக வந்திருக்கிறது, ஆகவே செயல்பாட்டுப் பிழை என்றார் ஒருவர். “நெட் இல்லாதபோது பதிவு செய்தால் பிழைச் செய்தி வர வேண்டும்” என்று நானே ஒரு டெஸ்ட் கேஸ் எழுதியிருந்தேன். கேபிளைப் பிடுங்கிவிட்டு அழுத்தினேன், செய்தி வந்தது, பாஸ். அழுத்திய பிறகு, பதில் வருவதற்கு முன், அந்த இடைவெளியில் பிடுங்கிப் பார்க்கவில்லை. விளைவு செயல்பாட்டில் தெரிந்தாலும், தடங்கலுக்குப் பிறகு மீளும் திறனில் இருந்த ஓட்டைதான் காரணம். இந்த இரண்டு வகைக்கும் நடுவே சுவர் எழுப்ப முடியாது. தவறான கடவுச்சொல் போட்டால் உள்ளே விடக்கூடாது என்பது செயல்பாடு. ஆயிரம் முறை போட்டுப் பார்ப்பவனை என்ன செய்கிறது என்பது பாதுகாப்பு. ஒரே பெட்டி, ஒரே பொத்தான்.

நடைமுறையில் நான் கண்ட பெரிய வேறுபாடு வேறொன்று. செயல்பாட்டுச் சோதனையின் விடை ஆம் அல்லது இல்லை. மற்றதில் அப்படி ஒரு விடை கிடையாது. எண் வேண்டும், சூழல் வேண்டும். ‘வேகமாக இருக்க வேண்டும்’ என்பதைச் சோதிக்கவே முடியாது. எவ்வளவு கூட்டத்தில், எந்த பிரின்டரில், எத்தனை நொடிக்குள் என்று சொன்னால் சோதிக்கலாம். அந்த எண்ணை யாரும் நம்மிடம் கொண்டுவந்து கொடுப்பதில்லை. கேட்பவருக்கு அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமாகவே தோன்றுவதில்லை. வீட்டுக்கு ஆள் பார்க்கும்போது ‘சமையல் தெரியுமா’ என்றுதான் கேட்பார்கள். ‘ஐம்பது பேர் திடீரென்று வந்தால் கை நடுங்காதா’ என்று யார் கேட்கிறார்கள்?

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளம் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தபோது கூட்டம் தாங்காமல் திணறியது; முதல் நாளில் முழுதாகப் பதிவை முடித்தவர்கள் 6 பேர். நம் நாட்டில் 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு 18 வயது நிரம்பியவர்களுக்குத் தடுப்பூசிப் பதிவு திறந்ததும் கோவின் தளம் கொஞ்ச நேரம் சிக்கி நின்றதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அது எழுந்து, அன்றே ஒரு கோடிக்கு மேல் பதிவும் செய்தது. எங்களுக்கு வந்தவர்கள் 400 பேர்தான். ஆனால் சுமை என்பது தலை எண்ணிக்கை மட்டும் இல்லை, எத்தனை நிமிடத்துக்குள் வருகிறார்கள் என்பதும் சேர்ந்ததுதான்.

நோட்டு எழுதுகிறவர்

அந்த எண்ணைத் தேடி, கோட்டையூரில் இருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். முப்பது வருடத்துக்கு மேலாக மொய் நோட்டு எழுதியவர். மென்பொருள் வந்ததால் தனக்கு வேலை குறையும் என்று தெரிந்தும், காபி கொடுத்து உட்காரவைத்துச் சொன்னார். எங்களுக்குத் தேவைப் பட்டியல் என்று ஒன்று இருந்திருக்க வேண்டுமானால் அது அவர் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும்.

அவர் ஒருநாளும் தனியாக எழுதியதில்லை. பக்கத்தில் ஒருவர் பணத்தை வாங்கி எண்ணி உரக்கச் சொல்ல, இவர் எழுதுவார். எண்ணும் நேரமும் எழுதும் நேரமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் போகும். ஊரை முதலில் கேட்பார், ஏனென்றால் ஊரைச் சொல்லும்போதே பாதிப் பேரை அவருக்கு அடையாளம் தெரிந்துவிடும். இடது கையில் ஓர் அட்டை வைத்திருப்பார். எழுதிய வரிகள் மேல் அந்த அட்டை கிடக்கும். எழுதுகிற வரி மட்டும் திறந்திருக்கும். “எதுக்கு ஐயா அட்டை?” என்று கேட்டேன்.

“அடுத்தவன் தொகை கண்ணுல படக்கூடாதுல்ல தம்பி. மனசு சங்கடப்படும்” என்றார்.

அந்த அட்டைதான் எங்கள் மென்பொருளில் இல்லாமல் போனது.

அவரையும் அவர் மகனையும் வைத்து நூறு பெயர் எழுதச் சொல்லி, போனில் நேரம் பிடித்தேன். ஒரு பெயருக்குப் பத்து நொடிக்குள் முடித்தார்கள். பழைய நோட்டு ஒன்றையும் எடுத்துக் காட்டினார். ஓரம் கரையான் தொட்டிருந்தது, எழுத்து அப்படியே இருந்தது. எங்கள் தெர்மல் ரசீது எவ்வளவு நாள் இருக்கும் என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அன்றிரவு எழுதிய தேவைகள் இவை. 400 பேர் 50 நிமிடத்தில் வந்தால், நூற்றில் 95 பேருக்குப் பணம் நீட்டியதிலிருந்து 15 நொடிக்குள் பதிவு முடிய வேண்டும். மின்சாரம் எந்த நொடியில் போனாலும் ஒரு மொய் விடுபடவோ இரட்டிக்கவோ கூடாது. தொகை அதைக் கொடுத்தவர், எழுதுபவர் தவிர வேறு கண்ணில் படக்கூடாது. வீட்டுக்குக் கொடுக்கும் பதிவேடு, நோட்டு எத்தனை வருடம் தாங்குமோ அத்தனை வருடம் தாங்க வேண்டும்.

ஆடி மாதம்

ஆடியில் முகூர்த்தம் இல்லை. எங்களுக்கு அது வசதியாகப் போயிற்று.

முதலில் பதிவையும் ரசீதையும் பிரித்தோம். பதிவு சேர்ந்ததும் திரை அடுத்த ஆளுக்குத் தயாராகிவிடும்; ரசீது பின்னால் தன் வரிசையில் அடித்துக்கொண்டிருக்கும். 15 நொடிக்கு ஓர் ஆள் என்றால், சூடேறிய பிரின்டரின் 11 நொடி கூடத் தாங்கும். அந்தக் கணக்கை நம்பாமல், மூன்று மணி நேரம் இடைவிடாமல் சீட்டு அடிக்கவிட்டுப் பார்த்தோம். இரண்டாம் மணி நேரத்தில் ஒரு புதுக் குறை வந்தது: அனுப்பிய படங்களை நினைவகத்திலிருந்து கழிக்காமல் வைத்திருந்ததால் லேப்டாப் மந்தமானது. அலுவலகத்தில் பத்துச் சீட்டு அடித்துப் பார்த்திருந்தால் இது இன்னொரு கல்யாணத்தில்தான் தெரிந்திருக்கும்.

ஊரை முதலில் கேட்கும் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டோம். இரண்டு எழுத்து அடித்தால் ஊர்ப் பட்டியல் விழும், ஊரைத் தொட்டால் அந்த ஊரில் ஏற்கெனவே வந்த பெயர்கள் விழும்.

கரண்ட் சோதனைக்கு இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. ஒருவர் பதிவை அழுத்த, இன்னொருவர் ரவுட்டர் கேபிளைப் பிடுங்குவார். அழுத்தும் முன், அழுத்தும்போது, அழுத்திய அரை நொடியில், ரசீது பாதி வெளியே வந்தபோது என்று எண்பது முறை செய்தோம். பழைய பதிப்பில் எண்பதில் ஒன்பது முறை இரட்டைப் பதிவு விழுந்தது. ஒவ்வொரு மொய்க்கும் கவுன்டரிலேயே ஒரு தனி எண் பிறக்கும்படி மாற்றினோம். அதே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் ‘இது என்னிடம் இருக்கிறது’ என்று சொல்லும், புதிதாக எழுதாது. திரும்ப எண்பது முறை பிடுங்கினோம். ஒன்றும் இரட்டிக்கவில்லை, ஒன்றும் விடுபடவில்லை. ரவுட்டருக்கும் பிரின்டருக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கியது தனி.

ரசீதுச் சோதனை மெதுவாக நடந்தது. ஒரே நாளில் அடித்த சீட்டுகளில் ஒன்றை நோட்டுக்குள் வைத்தேன், ஒன்றை வெயில் விழும் ஜன்னல் திட்டில், ஒன்றைப் பிளாஸ்டிக் உறைக்குள். ஒன்றில் சந்தனம் தொட்ட விரலை அழுத்தினேன், ஒன்றில் பந்தியிலிருந்து வந்த எண்ணெய்க் கை போலத் தேங்காய் எண்ணெய். தெர்மல் தாளில் மை கிடையாது. சூடு பட்ட இடம் கறுக்கும்படி பூசிய தாள் அது. அதனால் வெயில், எண்ணெய், சிலவகைப் பிளாஸ்டிக் எல்லாமே அதற்கு ஆகாது. ஆடி முடிவதற்குள் ஜன்னல் சீட்டு வெளிறிவிட்டது, எண்ணெய் பட்டதில் தொகையே தெரியவில்லை. நோட்டுக்குள் இருந்தது மட்டும் புதிதாக இருந்தது. ரசீது அன்றைக்குக் கையில் பிடித்துப் பார்க்க மட்டும்தான் என்று முடிவு செய்தோம். வீட்டுக்குக் கொடுக்கும் பட்டியலை லேசர் பிரின்டரில் நல்ல தாளில் அடித்து, பைண்டு செய்து கொடுக்கிறோம்.

விருந்தாளி பக்கத் திரையில் இப்போது ஊரும் பெயரும் மட்டும் தெரியும். தொகை வராது. அடுத்த பதிவு தொடங்கியதும் முந்தையது மறைந்துவிடும். பத்து நிமிட வேலை அது.

கானாடுகாத்தான்

ஆவணியில் அடுத்த விசேஷம், கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டில். மண்டபத்தில் பழகிய எங்களுக்கு அந்த வீடு புதுச் சோதனைக்கூடம். முன் தெருவில் தொடங்கிப் பின் தெருவில் முடிகிற வீடு. முகப்பில் மொய் மேசை, உள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில் சர்வர் லேப்டாப். முதல்நாள் சாயங்காலமே போய் வைஃபை பிடித்துப் பார்த்தோம். நடுவில் அத்தனை கனமான சுவர்கள். வளவு என்கிற நடு முற்றத்தைத் தாண்டுவதற்குள் சமிக்ஞை ஒற்றைக் கோட்டுக்கு இறங்கியது. சர்வரையே முகப்புக்குக் கொண்டுவந்து, கவுன்டர்களைக் கேபிளில் இணைத்தோம். ஆத்தங்குடிக் கல் தரையில் கேபிள் கிடந்தால் யார் காலாவது தட்டும் என்று ஓரமாக இழுத்து ஒட்டினோம்.

காலையில் தாலி கட்டியதும் கூட்டம் எழுந்தது. நோட்டுப் பெரியவரையும் அழைத்திருந்தோம். அவர் மூன்றாவது நாற்காலியில், அட்டையோடும் நோட்டோடும், தேவைப்பட்டால் எழுதத் தயாராக இருந்தார். பணம் வாங்கி எண்ணிச் சொல்ல ஒருவர், தட்டச்சு செய்ய ஒருவர் என்று அவர் சொன்னபடியே கவுன்டருக்கு இரண்டு பேர். நூற்றில் 95 பேருக்கு 14 நொடிக்குள் முடிந்தது. வரிசை ஒருமுறை பதினோரு பேர் வரை நீண்டது, அதற்கு மேல் போகவில்லை. கரண்ட் ஒருமுறை போய் வந்தது. சாயங்காலம் கல்லாவும் பட்டியலும் ரூபாய்க்கு ரூபாய் நின்றன.

குறை இல்லாமல் இல்லை. பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியதும் தெருப் பக்க வெளிச்சம் திரையில் அடித்து, எழுத்தே தெரியவில்லை என்று தட்டச்சு செய்த தங்கை சொன்னார். மேசையைத் தூணுக்குப் பின்னால் திருப்பிப் போட்டோம். பட்டப்பெயரால் மட்டுமே அறியப்பட்ட இரண்டு பெரியவர்களைத் தேடலில் பிடிக்க முடியவில்லை. ஊர்ப் பட்டியலில் ஒரே பெயரில் இரண்டு ஊர் இருந்ததால் ஒரு மொய் தவறிப் போய், பெரியவர் பார்த்துச் சொல்லித் திருத்தினோம். அது நான் பிடித்திருக்க வேண்டிய, சுத்தமான செயல்பாட்டுப் பிழை.

ஐப்பசியில் தேவகோட்டையில் மூன்று கவுன்டர் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். மூன்றாவது கவுன்டரோடு சேர்த்துக் கேபிள் பிடுங்கும் சோதனையை இன்னும் ஓட்டவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதற்கு ஒதுக்கியிருக்கிறோம். பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.